இனம் என்பது யாது? வன்னிக் காட்டு மரங்கொத்திகள் தரும் விடை

ஓமந்தை என்பது வடபுலத்து மக்களுக்கு வெறும் ஊர்ப்பெயர் மட்டுமன்று. வவுனியா நகருக்கு வடக்கே ஏ-9 வீதியில் அமைந்துள்ள இவ்வூர், 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் அவ்வீதி திறக்கப்பட்டபோது இரு ஆட்சிப் பரப்புகளுக்கிடையிலான வாசலாயிற்று. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் வீதி மூடப்பட்டபோது அவ்வாசலே மதிலாகவும் மாறிற்று. 2009இல் போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் அங்கு சோதனைச் சாவடி இருந்தது. இன்று அது இல்லை.

மனிதர் வகுத்த அக்கோடு மறைந்துவிட்டபோதிலும், வன்னிக்கும் அதன் தெற்கே உள்ள நிலத்திற்கும் இடையில், எவரும் வகுக்காத வேறோர் எல்லையை உயிரியலாளர்கள் கடந்த சில ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அது இரு மரங்கொத்தி வகைகளுக்கிடையிலான எல்லை. வடக்கில் வாழ்வது பொன்மஞ்சள் முதுகுடையது. தெற்கில் வாழ்வது செந்நிற முதுகுடையது. இரண்டும் சந்திக்கும் இடைப்பரப்பில் செம்மஞ்சள் நிற முதுகுடைய பறவைகள் காணப்படுகின்றன. அவை கலப்பிற் பிறந்தவை. அவ்வாறாயின் இவை ஓர் இனமா, இரு இனங்களா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை காண முற்படும்போதுதான், 'இனம்' என்று உயிரியல் எதனைக் கூறுகின்றது என்பதும், புதிய இனங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதும் தெளிவாகின்றன.

முதலில் சொல்லைக் கவனிப்போம். எமது பாடசாலைப் பாடநூல்கள் உயிர்களைப் பாகுபடுத்தும்போது இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று படிமுறையாகக் கூறுகின்றன. இப்பட்டியலில் வருணம், சாதி, இனம் ஆகிய மூன்றும் நம் சமூக வாழ்வில் வேறு பொருளில் வழங்கி, பெரும் துயரங்களுக்கும் காரணமான சொற்கள். விஞ்ஞானத்தில் இவற்றின் பொருள் முற்றிலும் வேறானது. இவ்வேறுபாட்டை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் நோக்குவோம்.

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அவற்றின் புலனுணர்வின் அடிப்படையிற் பாகுபடுத்துகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்றா நகரில் வாழ்ந்த அறிஞர் அல் ஜாஹிழ், விலங்குகளைப் பற்றிய தமது பெருநூலான கிதாபுல் ஹயவானில், வாழிடம் விலங்குகளில் ஏற்படுத்தும் மாற்றங்களைப் பற்றியும் எழுதினார். ஐரோப்பாவில் 1686இல் ஜோன் ரே, ஒரே விதையிலிருந்து பிறப்பவை எத்துணை வேறுபட்டுத் தோன்றினும் ஓர் இனமே என்னும் கருத்தை முன்வைத்தார். 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் சாதிப் பெயர், இனப் பெயர் என இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். இன்றும் உலகெங்கும் வழங்குவது அம்முறையே.

லின்னேயஸ் காலத்தில் இனங்கள் மாறாதவை என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. தோற்ற ஒற்றுமையே பிரதான அளவுகோலாக இருந்தது. ஆனால் தோற்றம் ஏமாற்றும். ஆண் மயிலும் பெண் மயிலும் தோற்றத்தில் எவ்வளவோ வேறுபட்டவை. எனினும் ஓர் இனம். மாறாக, கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரு தவளைகள் வெவ்வேறு குரலில் ஒலியெழுப்பி, ஒன்றையொன்று துணையாக ஏற்காது வாழக்கூடும். அவை வேறு இனங்கள்.

இக்குறையை நீக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் ஏர்ண்ஸ்ற் மயர். 1942இல் வெளியான தமது நூலில் அவர் தந்த வரைவிலக்கணமே இன்றும் பாடநூல்களில் முதலிடம் பெறுகின்றது. இயற்கைச் சூழலில் தம்முள் இனங்கலந்து பெருகக்கூடியனவும், ஏனைய கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க வகையிற் பிரிந்து நிற்பனவுமான உயிர்க் கூட்டமே இனம் என்பது அதன் சாரம். அளவுகோல் தோற்றத்திலிருந்து பரம்பரைத் தொடர்ச்சிக்கு மாறியது.

நம் கண்முன் உள்ள உதாரணம் ஒன்றைக் கூறலாம். மன்னாரின் கட்டாக்காலிக் கழுதைகளையும் நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளையும் அறியாதார் இலர். குதிரையின் உயிரணுவில் 64 நிறமூர்த்தங்கள் உள்ளன, கழுதையினதில் 62. இரண்டும் கூடினால் கோவேறு கழுதை பிறக்கும். அதன் நிறமூர்த்தங்கள் 63. அது வலிமையும் பொறுமையும் மிக்க விலங்கு. ஆயினும் இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது நிறமூர்த்தங்கள் ஒழுங்காகச் சோடி சேர இயலாமையால், மிக அரிதான சந்தர்ப்பங்கள் தவிர, அதற்குச் சந்ததி இல்லை. குதிரையின் பரம்பரையும் கழுதையின் பரம்பரையும் ஒன்றிற்குள் ஒன்று பாய்வதில்லை. எனவே அவை இரு இனங்கள்.

எல்லா உயிர்களும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பதில்லை என்பதே சிக்கல். இருபாலின்றிப் பிளவுற்றுப் பெருகும் பற்றீரியாக்களுக்கு மயரின் அளவுகோல் பொருந்தாது. உயிர்ச்சுவடுகளாக எஞ்சியுள்ள பண்டைய விலங்குகள் எவற்றுடன் கூடின என்று சோதிக்கவும் இயலாது. அன்றியும், வேறு இனங்கள் என்று ஐயமற ஏற்கப்பட்டவை கூடச் சில வேளைகளிற் கலந்து வளமான சந்ததியைப் பெறுகின்றன. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. எனினும் பல வீட்டுக்கோழிகளின் காலில் நாம் காணும் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பரம்பரையலகு, தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து கலப்பின் வழியாக வந்ததென 2008இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். வன்னிக் காடுகளிலும் வாழ்கின்ற, இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி இவ்விரண்டிலிருந்தும் வேறான, இத்தீவிற்கே உரிய இனமாகும்.

இத்தகைய காரணங்களால் இனத்திற்கு இருபதுக்கும் மேற்பட்ட வரைவிலக்கணங்கள் விஞ்ஞான இலக்கியத்தில் உள்ளன. இனப்பெருக்கத் தடையைச் சிலர் வலியுறுத்துவர். பொது மூதாதையிலிருந்து வந்த தனித்த கிளை என்பதைச் சிலர் வலியுறுத்துவர். சூழலில் அது வகிக்கும் இடத்தை வேறு சிலர் முதன்மைப்படுத்துவர். இதனைக் கொண்டு விஞ்ஞானிகளுக்கே தெளிவில்லை என்று முடிவு செய்வது தவறு. தனித்து இயங்கும் பரம்பரைத் தொடரே இனம் என்பதில் இவ்வரைவிலக்கணங்களுள் பெரும்பாலானவை உடன்படுகின்றன. அத்தொடர் பிரிந்துவிட்டது என்பதற்கு எதனைச் சான்றாகக் கொள்வது என்பதிலேயே வேறுபடுகின்றன. ஓர் ஆறு மணற்றிடலைச் சுற்றி இரண்டாகப் பிரிவதை எண்ணிப் பாருங்கள். நீர் பிரியத் தொடங்கும் இடத்தையும், இரு கிளைகளும் மீண்டும் சேரமாட்டா என்று உறுதியாகக் கூறக்கூடிய இடத்தையும் ஒரே புள்ளியாகக் குறிக்க இயலாது. எனினும் கீழே சென்று நோக்குபவருக்கு ஆறுகள் இரண்டு என்பதில் ஐயமிராது.

இப்பிரிவு எவ்வாறு நிகழ்கின்றது? சாள்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் இயற்கைத் தேர்வைக் கூர்ப்பின் விசையாக விளக்கினார். பின்னர் வந்த பரம்பரையியல் அதனை நிறைவு செய்தது. இன்றைய விளக்கம் சுருக்கமாக இதுதான். ஓர் உயிர்க்கூட்டம் மலை, கடல், வறண்ட வெளி போன்ற ஏதோவொரு தடையால் இரண்டாகப் பிரிகின்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் பரம்பரையலகுகளில் சிறு விகாரங்கள் தோன்றுகின்றன. தடைக்கு இப்பால் தோன்றியது அப்பால் சென்று பரவுவதில்லை. இரு பக்கத்துக் காலநிலையும் உணவும் பகையும் வேறாக இருப்பின், இயற்கைத் தேர்வு இரு கூட்டங்களையும் வெவ்வேறு திசையிற் செலுத்தும். கூட்டம் சிறிதாயின், எப்பயனும் கருதாத தற்செயலே சில பண்புகளை நிலைபெறச் செய்யும். பல்லாயிரம் தலைமுறைகள் கடந்தபின் தடை நீங்கினாலும், நிறத்தாலோ குரலாலோ, கருவின் இசைவின்மையாலோ அவை கலவாதிருக்கலாம். அப்போது ஓர் இனம் இரண்டாகிவிட்டது என்கிறோம்.

வேறு வழிகளும் உண்டு. நாம் உண்ணும் பாணுக்கும் ரொட்டிக்கும் மாவு தரும் கோதுமை, 28 நிறமூர்த்தங்கள் கொண்ட பண்டைய கோதுமையொன்று 14 நிறமூர்த்தங்கள் கொண்ட காட்டுப்புல் ஒன்றுடன் கலந்து, அவை முழுமையாக இரட்டித்ததன் விளைவு. அதன் நிறமூர்த்தங்கள் 42. இது நிகழ்ந்தது உழவு தோன்றிய பின்னரே. அமெரிக்காவில் காட்டு முட்செடியொன்றின் பழத்தில் முட்டையிட்டு வந்த ஈ வகை ஒன்றில், 19ஆம் நூற்றாண்டில் ஒரு பகுதி அப்பிள் பழத்திற்கு மாறியது. இரு மரங்களும் பழுக்கும் காலம் வேறாதலால், ஒரே தோட்டப்புறத்தில் வாழ்ந்தும் அவ்விரு கூட்டங்களும் இன்று பெரும்பாலும் கலப்பதில்லை.

இலங்கை இவ்விடயத்தில் உலகின் கவனத்தைப் பெற்ற தீவு. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் வடபுலமும் தமிழகக் கரையும் நிலத்தால் இணைந்திருந்தன. இறுதி இணைப்பு சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் வரை நீடித்தது. எனவே தென்னிந்திய உயிர்களும் இலங்கை உயிர்களும் பெரிதும் ஒன்றாகவே இருக்குமென நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2004இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராங்கி பொசுயிற்றும் இலங்கை, இந்திய ஆய்வாளர்கள் உட்பட்ட குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அதனை மாற்றியது. மரத்தவளைகள், நன்னீர் மீன்கள், நண்டுகள், மண்ணிற் புதைந்து வாழும் பாம்புகள் முதலியவற்றின் டி.என்.ஏ. சான்றுகள், இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வாழ்பவை இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை உறவுகளிலிருந்து நெடுங்காலமாகப் பிரிந்து வாழ்ந்தவை என்று காட்டின.

நிலப்பாலம் இருந்தும் ஏன் அவை கடக்கவில்லை? ஈரத் தோலுடைய தவளைக்கு இடையிலிருந்த வறண்ட சமவெளியே கடலைவிடப் பெருந்தடையாக இருந்திருக்கும் என்பதே பொருத்தமான விளக்கம். வன்னி அச்சமவெளியின் ஒரு பகுதி. ஆயினும் வறட்சியைத் தாங்கும் உயிர்கள் அதே நிலத்தின் வழியாகத்தான் தென்னிந்தியாவிலிருந்து வந்தன. தடையென்பது நிலத்தில் மட்டும் இருப்பதன்று. அதனைக் கடக்க முற்படும் உயிரின் இயல்பையும் பொறுத்தது.

இனி மரங்கொத்திகளுக்கு வருவோம். வடக்கின் பொன்முதுகு மரங்கொத்தி தென்னிந்தியாவிலும் பரவலாக வாழும் இனத்தைச் சேர்ந்தது. இலங்கை வடிவத்தின் அறிவியற் பெயரிலேயே யாழ்ப்பாணத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது. தெற்கின் செம்முதுகு மரங்கொத்தியும் முன்னர் அதே இனத்தின் உபபிரிவாகவே கொள்ளப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் டரன் இர்வின் ஆகியோர், சமிந்த பெர்னாண்டோவுடன் இணைந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, உருவத்தையும் பரம்பரைச் சான்றுகளையும் ஒருங்கே நோக்கி, செம்முதுகு மரங்கொத்தி தனி இனமே என்ற முடிவை ஆதரித்தது. இடைப்பரப்பிற் கலப்பு நிகழ்கின்றது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. கலப்பு நிகழ்ந்தும் வடக்கு முழுவதும் சிவக்கவில்லை. தெற்கு முழுவதும் பொன்னிறமாகவில்லை என்பதே அவர்கள் சுட்டியது.

2024இல் ரஷிகா ரணசிங்க, செனவிரத்ன, இர்வின் ஆகியோர் வெளியிட்ட அடுத்த ஆய்வு மேலும் வியப்பானது. பரம்பரைத் தொகுதி முழுவதிலும் பரவலாக நோக்கியபோது, இங்கு சந்திப்பவை இரண்டல்ல, மூன்று கூட்டங்கள் என்பது தெரியவந்தது. வடக்கின் பொன்முதுகுப் பறவைகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் பரம்பரையில் இரு வேறு கூட்டங்களாக உள்ளன. தெற்கின் பரம்பரையலகுகள் வடக்கினுள் கணிசமாகப் புகுந்துள்ளன. ஆயினும் வடக்கின் பறவைகள் வறண்ட நிலத்திற்குரிய தம் தோற்றத்தையும், தெற்கின் பறவைகள் ஈர நிலத்திற்குரிய தம் தோற்றத்தையும் விடாது பேணுகின்றன. பிரிவு, கலப்பு, மீண்டும் பிரிவதற்கான தொடக்கம் ஆகிய மூன்றையும் ஒரே தீவின் ஒரே பறவைச் சாதியிற் காண்கிறோம். இனங்கள் தோன்றுவது தொல்பழங்காலத்தில் முடிந்துபோன கதையன்று. அது இன்றும் நடைபெறும் நிகழ்ச்சி. அதன் ஒரு களம் நமது அயலிலேயே உள்ளது.

படைப்புப் பற்றிய சமய நம்பிக்கையை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. அதற்குரிய அறிஞர்கள் அச்சமயங்களில் உள்ளனர். வாழும் உயிர்கள் எவ்வாறு கிளைக்கின்றன என்பதற்குக் கையிலுள்ள சான்றுகள் எவை என்பதை மட்டுமே கூறுகிறோம். அவற்றை அறிந்துகொள்வது எந்நம்பிக்கையுடைய மாணவருக்கும் நன்மையே தரும்.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்ன என்று கேட்போருக்கு விடை உண்டு. பெயரில்லாத உயிரைப் பாதுகாக்க இயலாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் முதல் உலகளாவிய செந்தரவுப் பட்டியல் வரை, பாதுகாப்பின் அலகாக இருப்பது பெரிதும் இனமே. இதற்கு இலங்கையின் மரத்தவளைகளே சான்று. 2005இல் கெலும் மனமேந்திர ஆராச்சியும் ரொஹான் பெதியாகொடவும் ஒரே ஆய்வில் 27 புதிய தவளையினங்களை விவரித்தனர். இன்று அச்சாதியில் சுமார் 80 இனங்கள் இத்தீவில் அறியப்பட்டுள்ளன. ஆனால் அவற்றுள் பதினைந்துக்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டனவாகப் பதிவாகியுள்ளன. முற்காலத்திற் சேகரிக்கப்பட்டு நூதனசாலைப் போத்தல்களில் இருந்தவற்றை ஆராய்ந்து பெயரிட்டபோது, அவ்வாறான சில தவளைகள் அவை வாழ்ந்த காட்டில் இல்லாமற் போயிருந்தன.

ஈரவலயக் காடுகளுக்குக் கிடைத்த கவனம் வன்னிக்குக் கிடைக்கவில்லை. மூன்று தசாப்தப் போர் ஆய்வாளர்களைத் தடுத்தது. போருக்குப் பின்னரோ இக்காடுகள் இரு வகையான நெருக்கடிக்கு உள்ளாயின. ஒருபுறம் மரங்களும் மணலும் கிரவலும் கட்டுப்பாடின்றி அகழ்ந்து செல்லப்படுகின்றன என்பது மக்களின் முறைப்பாடு. மறுபுறம், இடம்பெயர்ந்து மீண்ட தமிழ், முஸ்லிம் மக்கள் பலர், தாம் உழுத வயலும் குடியிருந்த நிலமும் காடென்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். உயிர்களைக் காப்பது என்னும் பெயரால் ஏழைகளின் காணி உரிமை மறுக்கப்படுமாயின், மக்கள் காட்டையே பகையாகக் கருதுவர். காணி உரிமை என்னும் பெயரால் எஞ்சிய காடு வியாபாரிகளுக்குத் திறந்துவிடப்படுமாயின், மீட்க முடியாதது இழக்கப்படும். எந்தக் காட்டில் எவ்வுயிர் வாழ்கின்றது என்ற முறையான கணக்கெடுப்பு இன்றி இவ்விரண்டையும் வேறுபடுத்தித் தீர்மானிக்க இயலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வவுனியாப் பல்கலைக்கழகமும் இப்பணியில் முன்னிற்க வேண்டும் என்பது எமது கருத்து. கிராமத்து முதியோரின் காட்டறிவும் அக்கணக்கெடுப்பில் இடம்பெற வேண்டும்.

இறுதியாக, தொடக்கத்திற் குறிப்பிட்ட சொல்லுக்குத் திரும்புவோம். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகியோரை 'இனங்கள்' என்று நாம் வழங்குகிறோம். அரசியலிலும் சமூகவியலிலும் அச்சொல்லுக்கு உரிய பொருள் உண்டு. மொழி, பண்பாடு, வழிபாடு, வரலாறு என்பன உண்மையானவை. அவற்றின் உரிமைகளும் உண்மையானவை. ஆனால் அவ்வழக்கிற்கு உயிரியலின் துணையை எவரும் தேட இயலாது. உயிரியலின் பொருளில் மனிதர் அனைவரும் ஓர் இனம். 1972இல் ரிச்சர்ட் லெவொன்ரின் செய்த கணிப்பின்படி, மனிதரிடையே காணப்படும் பரம்பரை வேறுபாட்டில் சுமார் 85 வீதம் ஒரே மக்கட் கூட்டத்தினுள்ளேயே அமைந்துள்ளது. கூட்டங்களுக்கு இடையில் உள்ளது எஞ்சிய சிறு பங்கே. பின்வந்த டி.என்.ஏ. ஆய்வுகளும் அதனைப் பெரிதும் உறுதிப்படுத்தின. ஆபிரிக்காவிற்கு வெளியே வாழ்வோரின் பரம்பரையில், மறைந்துபோன நியண்டர்தால் மனிதரின் பங்கு கூட ஏறக்குறைய 2 வீதம் உண்டு. தூய இரத்தம் என்று பெருமை கொள்வோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

'இனம்' என்னும் சொல்லின் பெயரால் 1983இலும் 1990இலும் அதன் பின்னரும் இத்தீவில் நேர்ந்தவற்றை வாசகர்கள் அறிவர். அவற்றை நியாயப்படுத்தியோர், மனிதக் கூட்டங்கள் பிறப்பிலேயே வேறானவை என்ற நினைப்பைத் தூண்டினர். உண்மையில் வேறுபட்ட இனங்களான மரங்கொத்திகளுக்கிடையே கூட அத்தகைய மதில் இல்லை என்பதை எமது காடுகளே காட்டுகின்றன. பாடசாலைகளில் இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பரீட்சைக்குரிய வரைவிலக்கணத்தை மனனம் செய்விப்பதோடு நில்லாது, பாடநூலின் 'இனம்' எது, பத்திரிகையின் 'இனம்' எது என்பதையும் மாணவருக்குப் பிரித்துணர்த்துவார்களாயின், அது உயிரியலுக்கு மட்டுமன்றி இந்நாட்டிற்கும் செய்யும் தொண்டாகும்.